ஒரு பெயர், மூன்று எழுத்து

ரம்புக்கனையைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களில் பிறக்கும் தமிழ்ப் பிள்ளையின் பெயர், கடல் தாண்டும் முன்பே மூன்று எழுத்துகளைத் தாண்டிவிடுகிறது. லயத்தில் தமிழில் கூப்பிடுகிறார்கள். பதிவேட்டில் பெரும்பாலும் சிங்களத்தில் ஏறுகிறது. கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் அச்சாகிறது.

பிறப்பை 42 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். அதற்குள் நட்சத்திரம் பார்க்க வேண்டும். 27 நட்சத்திரங்களின் 108 பாதங்களில் பிள்ளைக்குரிய ஒலி எதுவென்று கேட்க வேண்டும். தாத்தாவின் பெயரையும் விட முடியாது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. இந்த அவசரத்தில், பெயர் மற்ற மொழிகளில் எப்படி எழுதப்படும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தமிழின் ஒரே ‘க’வுக்குச் சிங்களத்தில் நான்கு எழுத்துகள். தமிழில் எழுதிய துண்டுக்கடதாசியைப் பார்த்து எழுதுபவர் ‘கோபி’க்கு எதைப் போடுவார்? சிங்களத்தில் ‘ழ’ இல்லாததால் யாழினி அங்கே யாளினி ஆகிறாள். ஆங்கிலத்தில் அந்த ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போடுகிறார்கள். ஜெர்மனியில் இசட்டைக் கண்டால் ‘ட்ஸ்’ என்றுதான் படிப்பார்கள்.

‘த’வும் இப்படித்தான். தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன் முத்தையா முரளிதரன். உலகம் அவர் பெயரில் ‘த’வுக்கு ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்தையும் எச்சையும் போட்டு எழுதியது. 2007இல் ஆஸ்திரேலிய–இலங்கை டெஸ்ட் தொடரின் கிண்ணத்துக்கு ஷேன் வார்னின் பெயரோடு அவர் பெயரையும் வைத்தபோது, சரியான எழுத்தை அவரிடமே கேட்டார்கள். அவர் சொன்னது நான்காம் எழுத்து. பந்துவீச்சில் உச்சம் தொட்டவருக்கே அந்த நிலை என்றால், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்காக யார் கேட்கப்போகிறார்கள்?

வீட்டுவேலைக்குத் தோட்டத்துப் பெண்கள் போகும் வளைகுடா நாடுகளின் அரபு மொழியில் வல்லொலிப் பகரம் இல்லை. புஷ்பாவின் முதலொலி அங்கே ‘பாலு’வின் முதலொலியாகிவிடும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; ஆகவே வெளிநாட்டுக் கந்தோரில் தகப்பன் பெயரே பிள்ளையின் பெயராக ஒலிக்கும். கடவுச்சீட்டில் இயந்திரம் படிக்கும் வரியில் முழுப்பெயருக்கும் இருப்பது 39 இடங்கள். இரண்டு நீளப் பெயர்கள் சேர்ந்தால் வால் அறுந்துபோகும். எண் கணிதத்துக்காகச் சேர்க்கும் உபரி எழுத்துகளும் இந்த இடத்தையே தின்கின்றன.

பொருளையும் பார்க்க வேண்டும். மாறன் அழகான தமிழ்ப் பெயர். ஆனால் சிங்களக் காதில் அது புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனாக விழும்.

கமலா, நளினி, சாந்தி, தினேஷ் போன்றவை இரு சமூகத்திலும் புழங்குபவை. ஆனால் தமிழை விட்டுக்கொடுத்துத்தான் பெயர் தேட வேண்டும் என்பதில்லை. நிலா, மலர், இனியா எந்த எழுத்திலும் பெரிதாகச் சிதையாதவை. ழகரப் பெயர்தான் வேண்டும் என்றால் தாராளமாக வைக்கலாம். எழுத்தை மட்டும் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும்.

பதிவாளரிடம் போகுமுன் பெயரை மூன்று மொழியிலும் ஒரே தாளில் எழுதி, சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. பிறகு திருத்தலாம்தான், ஆனால் அதற்குள் பள்ளிக்கூடச் சான்றிதழும் அடையாள அட்டையும் பழைய எழுத்திலேயே வந்திருக்கும்.