கடலுக்கு வேலி ஏது?

கூடுவாஞ்சேரியைக் கடந்து இராமேசுவரத்துக்கு விரையும் ரயிலைக் காணும் நமக்கு, கடல் என்றதும் தீர்த்தமாடும் நினைவே எழுகிறது. ஆயின் கடல் வழியே விஷமும் யாத்திரை செய்கிறது.

2022-ஆம் வருஷம் மே மாதம், இலட்சத்தீவுகளைச் சேர்ந்த அகத்தியின் அருகே, தமிழ்நாட்டுக் கரையினின்று புறப்பட்ட இரு படகுகளில் 218 கிலோ ஹெராயின் சிக்கியது. துப்பறிந்தவர்கள் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள். உடன் சென்று மடக்கியவர்கள் கடலோரக் காவற் படையினர். 2024 நவம்பரில் அந்தமானைச் சார்ந்த பாரன் தீவின் பக்கம் விமானம் ஒரு படகைக் கண்டது; கப்பல் அதைப் பிடித்தது. உள்ளே சுமார் 6,000 கிலோ மெதம்பெட்டமைன்!

ஒரு தீவின் போலீஸார் மட்டும் கரையில் நின்று செய்யக்கூடிய காரியமா இது? செய்தி படகை முந்த வேண்டும். இதை உணர்ந்தே இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மொரிஷியஸ் ஆகிய நாடுகள் 2024 ஆகஸ்டில் கொழும்பில் ஒரு பாதுகாப்புச் சாசனத்தில் கையொப்பமிட்டன. ஆட்கடத்தலையும் கள்ளக் கடத்தலையும் ஒடுக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் ஒன்று கூறுவோம். 2010-ஆம் வருஷம் 'சன் ஸீ' என்னும் கப்பலில் கனடா சேர்ந்த 492 இலங்கைத் தமிழரில் பலர் மாதக் கணக்கில் காவலில் வைக்கப்பட்டனர். ஹெராயினைப் பறிமுதல் செய்யலாம். தரகனிடம் பொருளைக் கொடுத்து உயிரைப் பணயம் வைத்த மனிதனையும் அவ்வாறே நடத்தலாகுமா? பல நாட்டுப் போலீஸாரும் கைகோக்கும்போது, படகில் ஏற்றியவன் யார், ஏறியவன் யார் என்று பகுத்தறியும் முறையையும் சேர்ந்தே வகுக்க வேண்டும். முன்னவனுக்குச் சிறை, பின்னவனுக்கு அபயம். அதுவே தர்மம்.