தண்டியடிகள் கட்டிய கயிறு

திருவாரூர்ப் பூங்கோயிலின் மேற்கே பரந்து விளங்குகிறது கமலாலயத் திருக்குளம். அது தூர்ந்து சுருங்கிக் கிடந்த காலத்தில், பிறவியிலேயே கண்ணொளி இல்லாத தண்டியடிகள் அதைத் தோண்டி அகலப்படுத்த முற்பட்டார். குழியில் ஒரு கோலும் கரையில் ஒரு கோலும் நட்டு, இடையே கயிறு கட்டினார். அதைத் தடவியபடி இறங்கி மண்ணை வெட்டினார். தடவியபடியே ஏறிக் கரையில் கொட்டினார் என்கிறது பெரியபுராணம். பின்னர் இறையருளால் அவர் பார்வை பெற்றார். ஆயினும், பார்வை வந்த பிறகு பணி செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. தமக்காகப் பிறர் மண் சுமக்கட்டும் என்றும் எண்ணவில்லை.

ஆட்டிசம் உள்ள பேரப்பிள்ளைகள் வளரும் இல்லங்களில் இந்த வரலாறு நினைக்கத் தக்கது. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமையும் வேறுபாடு. அது வளர்ப்பின் பிழையன்று. முன்வினைப் பயன் என்று சொல்லித் தாயின் மனத்தைப் புண்படுத்துவது அறமும் அன்று. வேண்டுதல் செய்யலாம், மன அமைதிக்கு அது துணை. ஆனால் பிள்ளை நாள்தோறும் வளர்ந்துகொண்டே இருக்கிறான். 'நமக்குப் பின் இவனுக்கு யார்?' என்ற கேள்வி முதியோரை உறங்கவிடுவதில்லை.

அக்கேள்விக்கு விடை, அவன் கைக்கு எட்டும் கயிற்றைக் கட்டித் தருவதில் தொடங்குகிறது. பேரன் தடுமாறுவதைக் காணப் பொறாமல் பாட்டியே சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுகிறார். அன்புதான், எனினும் இருபது வயதிலும் அவன் கையை நீட்டியபடியே நிற்பான். பயிற்சியாளர்கள் வேறொரு வழி சொல்வர். கடைசிப் பொத்தானை மட்டும் அவனுக்கு விட்டுவிட வேண்டும். அது கைவந்தபின் கடைசி இரண்டு, பின்னர் மூன்று. ஒவ்வொரு நாளும் செயலை நிறைவு செய்தவன் அவனாகவே இருப்பான்.

இதற்குக் கோயிலைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் ஏது? காலணியை விட்டு வில்லை பெறுதல், அர்ச்சனைச் சீட்டு வாங்கி மீதிப் பணத்தை எண்ணுதல், வரிசையில் நிற்றல், திருநீறு பெற்றுப் பூசுதல், பிராகாரம் வலம் வருதல் என ஒவ்வொன்றும் பின்னாளில் கடைக்கும் பேருந்துக்கும் உதவும் பழக்கமே. இவற்றைப் படங்களாக வரிசைப்படுத்தி அவன் கையில் கொடுத்தால், அடுத்து என்ன என்ற கலக்கம் குறையும்.

தீபாராதனையின் மணியோசையும் கூட்ட நெருக்கமும் சிலருக்குத் தாங்க இயலாதவை. காதைப் பொத்திக்கொண்டு அழுவது பிடிவாதமன்று. கூட்டமில்லாத வேளையில் ஐந்து நிமிடம் சென்று வருதல் போதும். 'வெளியே போகலாம்' என்று சொல்ல ஒரு படமோ சைகையோ இருக்கட்டும். அவன் அதைக் காட்டினால் உடனே மதித்து வெளியேற வேண்டும். தன் சொல் மதிக்கப்படுகிறது என்று அறிந்த பிள்ளை மறுமுறை இன்னும் சிறிது நேரம் நிற்பான்.

ஏமாற்றத்தைத் தாங்கவும் பழக்கலாம். 'சந்நிதியில் திரை போட்டிருந்தால் மண்டபத்தில் அமர்ந்திருப்போம்' என்று வீட்டிலேயே கூறி, அதற்கும் ஒரு படம் சேர்த்துக்கொள்ளலாம். எண்ணியது நடவாத நாளிலும் செய்வதற்கு ஒன்று உண்டு என அவன் கற்றுக்கொள்வான்.

சட்டத்தின் துணையும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. 18 வயது நிறைந்தபின் பாதுகாவலர் தேவைப்படுவோர், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். முதியோர் நலமாக இருக்கும்போதே இதை முடித்துவைப்பது நன்று.

அடுத்த முறை அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் பேரன் சில்லறையை எண்ணத் தடுமாறலாம். பின்னால் நிற்போர் முணுமுணுக்கலாம். அப்போது தாத்தாவின் கை தானாக முன்னே நீளும். அந்தக் கையை அடக்கிக்கொண்டு அருகிலேயே நிற்பதும் ஒரு திருத்தொண்டுதான்.