உடலைத் திறந்த புத்தகங்கள் – 14: இல்லாத வலை

போன வாரம் உடற்கூற்றாளர் வெசாலியஸைத் தூக்குமரத்தடியில் விட்டுவிட்டு வந்தோம். லூவென் ஊருக்கு வெளியே தொங்கிய எலும்புக்கூட்டை அவர் வீட்டுக்குக் கடத்தின கதையைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை. தவறவிட்டவர்கள், பழைய பேப்பர்காரர் வருவதற்குள் அந்த இதழைத் தேடி எடுத்துக்கொள்ளவும். இந்த வாரம் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கிளம்பவும் கிளம்பினேன். வழியில் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மருத்துவமனை குறுக்கே வந்துவிட்டது.

பெங்களூரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தச் சுற்றுச்சுவரை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே மூளைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே 1995இல் தொடங்கின மூளை வங்கி. வரிசையாக ஜாடிகள். கட்டி வந்த மூளை, ரத்தம் கசிந்து கறுத்த மூளை, நாடாப்புழுவின் கூடுகள் சல்லடையாக்கிய மூளை. எல்லாம் பார்த்து முடித்ததும் கையுறையை மாட்டிவிட்டு ஒரு மூளையைக் கையிலேயே கொடுத்தார்கள். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். ஃபார்மலினில் ஊறி பனீர்போல இறுகியிருந்தது. (உயிர்போன கையோடு எடுத்தால் கெட்டித்தயிர்தான், கையில் நிற்காது என்றார்கள். ஃபார்மலின் வந்ததே 1893இல். அதற்கு முந்தின உடற்கூற்றாளர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.)

நான் அதை மெல்லக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

“என்ன சார் தேடுறீங்க?” என்றார் சுற்றிக்காட்டிய பெண்.

“ஒரு வலை.”

இல்லாத வலை என்று தெரிந்தேதான் தேடினேன். ஆயிரத்து முந்நூறு வருஷம் ஐரோப்பா முழுக்க ‘இருக்கிறது’ என்று சத்தியம் செய்த வலை அது. ரோமாபுரியில் மனித உடலை அறுக்க வழியில்லாததால் பழங்கால மருத்துவர் கேலன் குரங்கையும் பன்றியையும் மாட்டையும் அறுத்தார். மாட்டின் மண்டைக்குள், மூளைக்கு அடியில், தலைக்கு ஏறும் ரத்தக்குழாய் நூறு இழையாகப் பிரிந்து, சிக்கெடுக்காத நூல்கண்டு மாதிரி பின்னிக் கிடப்பதைப் பார்த்தார். சொக்கிப் போய்விட்டார். ‘அற்புத வலை’ என்று அதற்குப் பேர். இதயத்திலிருந்து வரும் உயிர்க்காற்று இந்த வலைக்குள் வடிபட்டுத்தான் அறிவுக்காற்றாக மாறி நரம்பு வழியே உடம்பெல்லாம் ஓடுகிறது என்று ஒரு தத்துவமே அதன்மேல் எழும்பியது. மாட்டுக்கு இருப்பது மனிதனுக்கு இல்லாமல் போகுமா?

போகும். மனிதனுக்கு அந்த வலை கிடையாது. போலோஞா ஊரின் பெரெங்காரியோ தா கார்ப்பி, எத்தனையோ உடல்களை அறுத்தும் என் கண்ணில் அது படவில்லை என்று 1521இலேயே எழுதிவிட்டார். கேட்டவர்கள் குறைவு. நம் வெசாலியஸும் கேட்கவில்லை. 1538இல் அவர் வெளியிட்ட ஆறு படத்தாள்களில், மனிதத் தலைக்குள் அந்த வலை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

ஐந்தே வருஷம். 1543இல் பாசல் நகரத்தில் ஒப்போரினுஸ் அச்சடித்த ‘ஃபாப்ரிகா’வில் அதே ஆள், 28 வயதில், வலை இல்லை என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்த வாரம் நீங்கள் மானிப்பாயில் இருந்திருப்பீர்கள். அவர் கூடவே ஒன்றை ஒப்புக்கொள்கிறார். கூட்டம் கூட்டிப் பாடம் எடுக்கும்போதெல்லாம், மனிதத் தலைக்குப் பக்கத்தில் ஆட்டுத்தலையோ மாட்டுத்தலையோ ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்வாராம். மனிதத் தலையில் கிடைக்காத வலையை அதில் எடுத்துக் காட்டுவாராம். ஊருக்கெல்லாம் தெரிந்த வலையை இவருக்கு மட்டும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! கேலன்மேல் வைத்த பக்தியில் இப்படி மடையனாக இருந்தேனே என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். இதுவரை பதின்மூன்று வாரமாக இந்தப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுகிறேன். மண்டையில் குட்டு வைத்த மாதிரி இருந்தது இதைப் படித்தபோதுதான்.

நிம்ஹான்ஸ் பெண்ணிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “சார், அந்த வலை இருக்கிற மிருகமா இருந்தாலும் மூளையோட ஒட்டிக்கிட்டு வெளிய வராது. மண்டையோட்டுத் தரையிலேயே தங்கிடும். நீங்க தேடுற இடமே தப்பு” என்றார். இல்லாத பொருளைத் தப்பான இடத்தில் தேடியிருக்கிறேன்.

பிறகு எப்படி வீட்டில் உட்கார? ஞாயிற்றுக்கிழமை காலை சிவாஜிநகரில் வழக்கமாகப் போகும் கறிக்கடைக்குப் போனேன்.

“பாய், ஒரு ஆட்டுத்தலை. ரெண்டா வெட்டுங்க. ஆனா கழுவாதீங்க.”

“பேஜா தனியா எடுத்துரட்டா சார்?”

“எடுங்க. எடுத்தப்புறம் உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு பாக்கணும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் மூளையை வழித்து எடுத்துவிட்டு ஓட்டைத் திருப்பிக் காட்டினார். எலும்புத் தரையின் நடுவில் சின்னக் குழி. அதில் பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி. அதற்கு இரண்டு பக்கமும், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, சிவந்து சிக்குப்பிடித்த நூல் உருண்டை. கேலன் பார்த்து மயங்கியது இதைத்தான். நானும் மயங்கினேன். “இது கழுவுனா போயிடும் சார், இதையெல்லாம் யாரு கேக்குறாங்க” என்று பாய் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஆட்டுக்கு அது அறிவைக் காய்ச்சுகிற கருவி இல்லை. வெயிலில் ஓடும்போது மூளை கொதித்துவிடாமல் காக்கிற ஏற்பாடு. மூக்கில் குளிர்ந்து திரும்பும் ரத்தம் இந்த வலையைச் சூழ்ந்து, உள்ளே மூளைக்கு ஏறும் சுடுரத்தத்தைத் தணித்து அனுப்புகிறது. மே மாத மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நமக்கும் ஒன்று இருந்திருக்கலாம்.

வெசாலியஸின் குருநாதர், பாரிஸின் சில்வியுஸ், சீடனை மன்னிக்கவில்லை. கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிவிட்டதே தவிர, புத்தகம் தப்பாகாது என்று வாதாடினார். வெசாலியஸ் என்ற பேரை ‘வேசானுஸ்’ என்று திரித்தார். லத்தீனில் பைத்தியக்காரன் என்று அர்த்தம். புத்தகத்தை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் உடம்பையே விட்டுக்கொடுத்த மனிதரை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

வலை போனது சரி, அந்த இடத்தில் நமக்கு என்னதான் இருக்கிறது? மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று கைகோத்த ஒரு வளையம். அதை ஒழுங்காக விளக்கியவர் ஆக்ஸ்ஃபோர்டின் தாமஸ் வில்லிஸ். 1664இல் வந்தது அவருடைய ‘செரெப்ரி அனாட்டமே’. கழுத்தில் ஒரு பக்கத்துக் குழாய் முழுக்க அடைத்துப் போயும், அதன் தொந்தரவே தெரியாமல் நடமாடி, வேறு நோயில் செத்த ஒருவரை அறுத்துப் பார்த்து, மறுபக்கத்து ரத்தம் இந்த வளையம் வழியாகச் சுற்றி வந்து காப்பாற்றியிருக்கிறது என்று சொன்னவர். அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென். ஆமாம், லண்டன் தீக்குப் பிறகு செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டினாரே, அதே ரென். கவிழ்த்து வைத்த மூளையை அவர் வரைந்திருப்பதைப் பார்த்தால் ஏதோ கோபுரத்தின் தரைப்படம் மாதிரியே இருக்கிறது. ஓசூர் ரோட்டில் என் கையில் கவிழ்ந்து கிடந்ததும் அதே கோலத்தில்தான்.

ரென்னைப் பற்றி இன்னும் எழுதத் துடிக்கிறது. ஆசிரியர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அட்டை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம்.

மானிப்பாய் அடுத்த வாரம், நிச்சயமாக. அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், லண்டன் மாணவர்கள் படித்த ‘கிரேஸ் அனாட்டமி’யை 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பேரில் தமிழாக்கி அச்சில் கொண்டுவந்த கதை. உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ அதன் பழைய பிரதி ஏதாவது இருந்தால், ஆசிரியர் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். புத்தகத்தை அனுப்ப வேண்டாம், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.