பதக்கம் போனது, விசில் கைக்கு வந்தது: கத்தக்குறிச்சி சாந்தி பயிற்சியாளரான கதை

400 மீட்டர் ஓடுதளத்தில் இரண்டு சுற்று. அதுதான் 800 மீட்டர் ஓட்டம். 2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்த இரண்டு சுற்றையும் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி முடித்தார் சாந்தி சௌந்தரராஜன். தங்கம் பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமாலுக்கு. வெள்ளி, புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளுக்கு! மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் சாந்திக்கும் இருந்த இடைவெளி வெறும் 0.03 விநாடி.

அந்த வெள்ளி அவரிடம் நிலைக்கவில்லை. பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 25 வயதில் அவருடைய ஓட்டம் முடிந்துபோனது. அதே சாந்தி இன்று தமிழ்நாடு அரசின் தடகளப் பயிற்சியாளர். இடையில் ஓடிய பத்து ஆண்டுகள், 800 மீட்டரைவிட நீளமான ஓட்டம்.

தாத்தா வாங்கித் தந்த ஷூ

ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் சாந்தி. அப்பாவும் அம்மாவும் சூளை வேலைக்காக வெளியூர் போய்விட்டால், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்குத்தான். அவருக்கு முதன்முதலில் ஓடக் கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? பயிற்சி மையமோ அகாடமியோ இல்லை, அவருடைய தாத்தாதான். ஊருக்கு வெளியே உள்ள மண்பாதையில் ஓடவைத்தார். ஒரு ஜோடி ஷூவும் வாங்கித் தந்தார்.

பள்ளிப் போட்டிகளில் கிடைத்த வெற்றி கல்லூரி வாசலைத் திறந்தது. 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியிலும் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு வந்ததுதான் தோஹா.

பரிசுப் பணத்தில் ஒரு பயிற்சிக்கூடம்

பதக்கம் பறிபோன பிறகும் தமிழக அரசு அவரைக் கைவிடவில்லை. அப்போதைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசும், ஒரு டி.வி-யும் வழங்கினார். அந்தப் பணத்தில் சாந்தி தனக்கென்று பெரிதாக எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடுமையான மன உளைச்சலிலிருந்து மீண்டு வந்தவர், புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்.

2009-ல் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் 68 பேர். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் முதலிடமும் மூன்றாம் இடமும் பிடித்தார்கள். பயிற்சியாளராக அவருடைய திறமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் திறமை மட்டும் வீட்டு அடுப்பை எரிய வைக்காது. அப்போது அவருக்குக் கிடைத்த பயிற்சியாளர் வேலை தற்காலிகமானது. சம்பளமும் குறைவு. கையிலிருந்த பணம் கரைந்ததும் பயிற்சிக்கூடம் நின்றுபோனது. 2012-ல் பெற்றோரோடு அவரும் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார் என்ற செய்தி வெளியானபோது நாடே அதிர்ந்தது. தினக்கூலி 200 ரூபாய்.

மறுபடியும் மாணவி

அந்தச் செய்திக்குப் பிறகுதான் கதவு திறந்தது. பெங்களூரில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ படிக்க இடம் கிடைத்தது. முப்பது வயதைத் தாண்டி மறுபடியும் வகுப்பறையில் உட்கார்ந்தார் சாந்தி. 2014-ல் படிப்பை முடித்தார்.

ஓடத் தெரிவது வேறு, ஓட வைக்கத் தெரிவது வேறு. 800 மீட்டரையே எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் வேகத்தைக் கொட்டிவிட்டால், கடைசி 150 மீட்டரில் கால் கல்லாகிவிடும். ரொம்ப அடக்கி வாசித்தால் முன்னால் போனவர்களைப் பிடிக்க முடியாது. தோஹாவில் சாந்தி ஓடிய நேரத்தை இரண்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு சராசரியாக 61.58 விநாடி. அந்த வேகத்தை உடம்புக்குப் பழக்க 200, 300, 400 மீட்டர் துண்டு ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடவைக்க வேண்டும். நடுவில் எவ்வளவு ஓய்வு, எந்த மாதத்தில் எவ்வளவு சுமை, காயம் பட்டால் எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பதுதான் பயிற்சியாளரின் வேலை.

டிப்ளமோ வந்தும் நிரந்தர வேலை உடனே வரவில்லை. மயிலாடுதுறையில் ஒப்பந்த அடிப்படையில் பயிற்சி கொடுத்தார். 2016-ல் அவருக்கு நியாயம் கேட்டு சமூக வலைதளங்களில் குரல்கள் எழுந்தன. அதன் பிறகே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி அவருக்குக் கிடைத்தது. தோஹா ஓட்டம் முடிந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நீங்களும் பயிற்சியாளர் ஆகலாம்!

* பஞ்சாபின் பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம்தான் இந்தப் படிப்புக்குத் தாய்வீடு. 'என்.ஐ.எஸ் முடித்தவர்' என்று மைதானங்களில் சொல்வது இதைத்தான்.

* விளையாட்டு அனுபவமும் அடிப்படைக் கல்வித் தகுதியும் வேண்டும். தேர்வில் உடல்திறனும் விளையாட்டுத் திறனும் சோதிக்கப்படும்.

* உடலியல், விளையாட்டு உளவியல், உணவுமுறை, பயிற்சித் திட்டமிடல் எல்லாம் பாடத்தில் உண்டு.

* படித்தவர்கள் மாநில விளையாட்டு ஆணையம், விளையாட்டு விடுதி, பள்ளி, கல்லூரி, தனியார் அகாடமி என்று பல இடங்களில் சேரலாம். ஒப்பந்த வேலைகளும் இதில் உண்டு. சேரும்போதே நிபந்தனைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னும் வராத வெள்ளி

2014-ல் ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை தூத்தீ சந்துக்கும் இதே போன்ற தடை வந்தது. அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வென்றார். 2006-ல் சாந்திக்காக அப்படி வழக்காட யாரும் முன்வரவில்லை. அவருடைய பதக்கம் இன்னும் திரும்பவில்லை.

சாந்தி கேட்டது இரண்டு: பிழைக்க ஒரு வேலை, பறித்த பதக்கம். முதலாவது கிடைத்துவிட்டது. அந்த வேலையில் தினமும் அவர் எதிரே நிற்பவர்கள் ஓட வந்திருக்கும் பிள்ளைகள். ஒரு காலத்தில் கத்தக்குறிச்சி மண்பாதையில் தாத்தா செய்த வேலையைத்தான் இப்போது பேத்தி செய்துகொண்டிருக்கிறார்.