சாஃப்ட்வேர் மாநாட்டுக்குப் போகலாமா? காரைக்கால் கடைக்காரர் போட வேண்டிய கணக்கு!

காரைக்காலில் பஸ் ஏறினால், வாஞ்சூரைத் தாண்டியதும் நாகூர். டிக்கெட் எடுத்துச் சில்லறை வாங்குவதற்குள் மாநிலம் மாறிவிடும். பயணிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கோ இது பெரிய விஷயம்.

காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஜி.எஸ்.டி. எண்ணில் புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. காரைக்கால் வியாபாரி நாகூர்க் கடைக்கு பெயின்ட் அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். அதே பெயின்ட் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் புதுச்சேரி நகருக்குப் போனால் உள்ளூர் விற்பனை! காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் நாகூருக்குச் சரக்கு அனுப்பி விற்கவே முடியாது.

இதையெல்லாம் சரியாகச் செய்யும் பில்லிங் சாஃப்ட்வேர் எது? இப்படித் தேடிக்கொண்டிருக்கும்போதுதான், ‘சென்னையில் சாஃப்ட்வேர் மாநாடு, வாருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். தமிழ்நாடு அரசின் ‘யுமாஜின்’ மாநாடு 2023 மார்ச்சில் தொடங்கியது. சாஃப்ட்வேர் நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தனியாகக் கூட்டம் நடத்துகின்றன. சின்னக் கடைக்காரர் போகலாமா?

முதலில் செலவு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நுழைவுக் கட்டணம் 4,000 ரூபாய், இரண்டு இரவு அறை வாடகை 5,000, ரயிலும் ஆட்டோவும் 2,000, சாப்பாடு 1,500. மொத்தம் 12,500 ரூபாய். பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். மூன்று நாள் கடையில் முதலாளி இல்லையே? நாளுக்கு 2,500 ரூபாய் லாபம் போனால் 7,500. ஆக, 20,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து ரூபாய் லாபம் பார்க்கும் கடை, இதை மீட்க 2 லட்சம் ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சென்னை ஓட்டல் அறைக்குக் கட்டும் ஜி.எஸ்.டி., அறை இருக்கும் தமிழ்நாட்டுக் கணக்கில் சேரும். புதுச்சேரியில் பதிவு செய்த கடை அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. நுழைவுக் கட்டணத்தின் வரிக்கும் இதே கதி வரலாம். ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வரவு என்ன?

மேடைப் பேச்சைக் கேட்க மட்டும் என்றால் போக வேண்டாம். 2019 அக்டோபரில் சென்னையில் நடந்த ‘பைகான் இந்தியா’ மாநாட்டின் உரைகளை யூடியூபில் இன்றும் இலவசமாகப் பார்க்கலாம். இப்படி வீடியோவாக வரும் மாநாடுகள் நிறைய.

நேரில் கூடினால் மட்டுமே நடக்கும் காரியங்கள் உண்டு. 1990-களில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் அடித்த கடிதம், இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் இதற்காகவே எல்லோரும் கூடினார்கள். அதன் தொடர்ச்சியாக அரசு அறிவித்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. இன்று ஐபோனிலும் அது இருக்கிறது. தீர்க்க வேண்டிய சிக்கல் எது என்று தெரிந்து வந்ததால் அந்தக் கூட்டம் பலன் தந்தது.

கடைக்காரருக்கும் அதேதான். கையில் கேள்வி இருந்தால் மாநாடு உதவும். இல்லாவிட்டால் பையும் பேனாவும்தான் மிச்சம்.

டிக்கெட் எடுக்கும் முன்...

* உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். ‘புது டெக்னாலஜி தெரிந்துகொள்ள’ என்பது கேள்வி இல்லை. ‘நாகூர் பில்லுக்கு ஐ.ஜி.எஸ்.டி. தானாக வருமா?’ என்பது கேள்வி.

* அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் வருகிறாரா என்று நடத்துபவர்களுக்கு போன் செய்து கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி மட்டும் வந்தால் நோட்டீஸ்தான் கிடைக்கும்.

* அதே பதில் ஆடிட்டரிடமோ, உள்ளூர் டீலரிடமோ, வீடியோ அழைப்பிலோ கிடைக்குமா? கிடைத்தால் 20,000 ரூபாய் மிச்சம்.

* தேதியைப் பாருங்கள். திருநள்ளாறில் லாட்ஜ் வைத்திருப்பவர் சனிக்கிழமை சென்னையில் இருந்தால் யாருக்கு லாபம்? ஆனியில் மாங்கனித் திருவிழா நேரமும் அப்படித்தான்.

போவது என்று முடிவானால்...

உங்கள் கடையின் பழைய பில்கள் சிலவற்றை எடுத்துச் செல்லுங்கள். காரைக்காலுக்குள் விற்றது, நாகூருக்கு அனுப்பியது, புதுச்சேரிக்கு அனுப்பியது, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தது என நான்கு போதும். ஸ்டாலில் அவற்றை உங்கள் கண்முன்னே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் வைத்திருக்கும் மாதிரி பில் எப்போதும் சரியாகத்தான் வரும்.

அதே சாஃப்ட்வேரைப் பயன்படுத்தும் இன்னொரு கடைக்காரரைத் தேடிப் பிடித்து, ‘கோளாறு வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் பேசுகிறார்?’ என்று கேளுங்கள். ‘இன்றைக்கு மட்டும் தள்ளுபடி’ என்றால் அன்றைக்குப் பணம் கட்டாதீர்கள். ஊருக்கு வந்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கட்டலாம்.

திரும்பி வந்த ஒரு மாதத்தில், உங்கள் கடையில் மாறிய விஷயம் ஒன்றையாவது சொல்ல முடிகிறதா? முடிந்தால் அடுத்த ஆண்டும் போகலாம். முடியாவிட்டால் அந்த 20,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கிப் போடலாம்.