குட்டி ரிவால்வர் சுடவும் ஈஸியா? பேரல், கைப்பிடி சொல்லும் கணக்கு

கடையில் ரெண்டு ரிவால்வர். ஒன்று குட்டி, எடை குறைவு. இன்னொன்று கொஞ்சம் நீளம், கனம். புதிதாக உரிமம் வாங்கியவருக்கு கை தானாகவே குட்டி மேல்தான் போகும். ‘சின்னதுதானே, ஈஸியா இருக்கும்’ என்ற நினைப்பு. இடுப்பில் வைத்துக்கொள்ள ஈஸிதான். சுடுவதற்கு? அங்கேதான் கணக்கு மாறுகிறது.

பேரல் நீளம் ஏன் முக்கியம்?

1927-ல் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ ரிவால்வரின் பேரல் 2 அங்குலம்தான். கோட்டுக்குள் மறைத்து வைக்க வசதி. அதே நாட்டில் சீருடை போலீஸார் இடுப்பில் பெரும்பாலும் தொங்கியது 4 அங்குலம்.

காரணம் குறிபார்ப்பது. பேரல் முனையில் ஒரு மேடு, பின்பக்கம் ஒரு பள்ளம். இரண்டையும் நேர்கோட்டில் வைத்துத்தான் குறிபார்க்கணும். இரண்டுக்கும் இடையே 10 செ.மீ. என வைத்துக்கொள்வோம். முனை 1 மி.மீ. விலகினாலே, 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ. தள்ளிப்போகும். இடைவெளி 15 செ.மீ. என்றால் விலகல் 6.7 செ.மீ.தான். குட்டை பேரலில் சத்தமும் தீப்பொறியும்கூட அதிகம்.

எடை குறைந்தால் நல்லதுதானே?

பரிசலில் இருந்து கரைக்குக் குதித்துப் பாருங்கள், பரிசல் பின்னால் பாயும். பெரிய படகு அவ்வளவாக அசையாது. துப்பாக்கியிலும் அதே கதைதான். கான்பூரில் தயாராகி 2014-ல் பெண்களுக்கானது என்று அறிமுகமான ‘நிர்பீக்’ 500 கிராம். 2023-ல் அங்கிருந்தே வந்த ‘பிரபல்’ 700 கிராம், பேரல் 76 மி.மீ., அதாவது 3 அங்குலம். இரண்டும் 0.32 ரகம். ஒரே தோட்டாவைப் போட்டால், எடை குறைந்ததுதான் கையை அதிகம் உதைக்கும்.

0.32 தோட்டா மென்மையானது, சமாளிக்கலாம். ஆனால் கை வலித்தால் பயிற்சி நின்றுபோகும். பயிற்சி இல்லாத கையிலிருந்து தவறும் குண்டு, சம்பந்தமே இல்லாத ஒருவர் மேல் பாயலாம்.

கைப்பிடியை எப்படிப் பார்ப்பது?

முதலில் சுழல் அறையைத் திறந்து, காலி என்று உறுதி செய்யுங்கள். பிறகு வழக்கம்போலப் பிடித்து, பாதுகாப்பான திசையில் நீட்டிப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு அல்லது அதற்கு முந்தைய சதைப்பகுதி டிரிகரில் படணும். சுத்தியலை இழுத்து வைக்காமல் நேரடியாகச் சுடும்போது, டிரிகரை இழுக்க சுமார் 5 கிலோ விசை வேண்டியிருக்கும். கைப்பிடி தடிமனாக இருந்தால் விரல் நுனிதான் எட்டும். அப்போது துப்பாக்கி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். கைப்பிடி ரொம்பக் குட்டை என்றால் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது, பிடி தளரும்.

ரப்பர் பிடி உதையை வாங்கிக்கொள்ளும், ஆனால் சட்டைத் துணி அதில் ஒட்டும். வழவழப்பான மரப்பிடியில் துணி சிக்காது, ஆனால் உதை நேராக உள்ளங்கைக்கு வரும்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: பேரல் உறைக்குள், இடுப்போடு ஒட்டி இறங்கிவிடும். சட்டைக்கு மேல் துருத்தித் தெரிவது கைப்பிடிதான். அதனால் மறைத்து வைக்கணும் என்பதற்காக பேரலைக் குறைப்பதைவிட, 3 அங்குல பேரலோடு அளவான கைப்பிடி பொருத்துவது புத்திசாலித்தனம். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் நீண்ட பேரல் தொடையில் குத்தும்.

வாங்கிய பிறகு மாற்ற முடியுமா?

கைப்பிடியை, உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பேரல் அப்படி இல்லை. தனி உரிமம் இல்லாமல் அதை வெட்டிக் குறைப்பது 1959 ஆயுதச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண உரிமதாரர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ‘இது சரிவரலைன்னா இன்னொன்று’ என்று வாங்கிக்கொண்டே போக வழியில்லை.

அதனால் முடிவை கடை மேசையில் எடுக்காதீர்கள். ரைபிள் கிளப் ரேஞ்சில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு அணிந்து சுட்டுப் பழகுங்கள். ஒரு பயிற்சி முடிந்து, மறுநாளும் போகலாம் என்று உங்கள் கை சொல்கிறதா? அந்த அளவுதான் உங்களுக்கானது.