பொதுமை காணல்: சொல்லிலும் அளவையிலும் உள்ளத்திலும்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகர் சரக்கை மதிப்பிடும் முறை காணத்தக்கது. மூட்டைகளை அவர் கொட்டிப் பார்ப்பதில்லை. மாதிரியாகத் தரப்பட்ட ஒரு கைப்பிடிக் காயை உள்ளங்கையில் பரப்பிப் பச்சை நிறத்தையும் பருமனையும் நோக்குகிறார். ஒன்றைப் பிளந்து விதை கறுத்து முற்றியுள்ளதா எனக் காண்கிறார். முழுச் சரக்கிற்கும் விலை கூறிவிடுகிறார். கண்ட சிலவற்றைக் கொண்டு காணாத பலவற்றைத் துணியும் இச்செயலையே பொதுமைப்படுத்தல் என்கிறோம்.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது இதனையே கூறும் பழமொழி. ஆயின் பானையில் ஓரினத்து அரிசி ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்திருக்கிறது. எனவே ஒரு சோறு போதும். ஏலமூட்டை அத்தகையதன்று. வெவ்வேறு நாளில் பறித்தவையும் வெவ்வேறு சூட்டில் உலர்ந்தவையும் அதில் கலந்திருக்கக்கூடும். மேற்பரப்பில் மட்டும் அள்ளிய மாதிரி ஏமாற்றும். பல இடங்களினின்றும் எடுத்துக் கலந்ததே சரக்கின் தன்மையைக் காட்டும்.

மொழியிலும் இச்செயல் இடையறாது நிகழ்கிறது. எள்ளின் நெய்யே எண்ணெய். இன்று நாம் தேங்காய் எண்ணெய் என்கிறோம். மண்ணெண்ணெய் என்றும் கூசாது கூறுகிறோம். சிறப்புப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது. இவ்வூரில் ஏலம் ஏலத்திற்கு வருகிறதே, இரண்டும் ஒரு சொல்லோ என வினவுவாருமுண்டு. அல்ல, விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்ச்சுகீசிய மொழிவழி வந்தது. ஒலியொப்புமை கண்டு பொருளொப்புமை துணிவதும் பிழைபட்ட பொதுமையே.

அளவையியலார் இதனை மேலும் நுணுகி ஆய்ந்தனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு முதலியவற்றை விளக்குகிறார். மலையில் புகை காண்கிறோம். ஆதலின் அங்கு நெருப்புண்டு. அடுக்களை இதற்குச் சான்று. புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ளது என்னும் பொதுமையே இத்துணிபைத் தாங்குகிறது. அதனைத் திருப்பி, நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு எனக் கூற இயலாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் புகையில்லை. மேலும், போடி மலைச்சரிவில் விடியலில் தவழும் மூடுபனியைப் புகையென்று கொண்டால் விதி மெய்யாயினும் முடிபு பொய்க்கும். அன்னமெல்லாம் வெண்ணிறமே என நம்பியிருந்த ஐரோப்பியர், 1697இல் ஆஸ்திரேலியாவில் கரிய அன்னங்களைக் கண்டனர். பல நூற்றாண்டு நம்பிக்கை ஒரே காட்சியில் வீழ்ந்தது. நம் இலக்கண நூலார் பொதுவிதிக்குப் பின் புறனடை வைத்தமை இங்கு எண்ணத்தக்கது.

உளவியலில் பொதுமை, அறிவு துணிவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. 1920இல் வாட்சன், ரெய்னர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஒரு குழந்தை வெள்ளெலியைத் தொடுந்தோறும் அதன் பின்னே இரும்புத்தண்டைத் தட்டிப் பேரோசை எழுப்பினர். குழந்தை எலியை அஞ்சியது. அதன்பின் முயலையும் நாயையும் மென்மயிர் ஆடையையும் கண்டு அஞ்சியது. அவை அதற்கு ஒரு தீங்கும் செய்தவையல்ல. (இன்று இத்தகைய ஆய்விற்கு எவரும் இசையார்.)

வளர்ந்தோரிடமும் இவ்வச்சம் இப்படியே பரவக் காண்கிறோம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது ‘மலையாளிகள் எல்லாம்’, ‘தமிழர்கள் எல்லாம்’ என்னும் தொடர்கள் எல்லையின் இருபுறமும் ஒலித்தன. இடுக்கி ஏலத்தோட்டங்களில் கூலிவேலை செய்த தமிழர் பலர் தாக்குதலுக்கு அஞ்சி மலையிறங்கினர்; இப்பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. களையெடுத்த பெண்ணோ கடை நடத்தியவரோ அணையின் நீர்மட்டத்தை முடிவு செய்தவரல்லர். ‘எல்லாம்’ என்ற ஒரு சொல் அவர்களையும் அதனுள் அடக்கிவிட்டது.

பூசல் தணிந்தபின் போடியினின்றும் தேவாரத்தினின்றும் ஜீப்புகள் மீண்டும் விடியற்காலையில் மலையேறலாயின. அவற்றிற் செல்லும் பெண்கள் தோட்டத்தில் செடியின் அடியில் அமர்ந்து காய் பறிக்கின்றனர். ஒரே சரத்திலும் காய்கள் ஒருங்கே முற்றுவதில்லை. ஆதலின் ஒவ்வொன்றாகப் பார்த்தே பறிக்கின்றனர்.